வான் கூரையும் நாலு மூட்டை நெல்லும்

ஒரு சனிக்கிழமை காலை. திருத்த வேண்டிய சோதனைத் தாள்களைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்கு வந்தேன். என் கணவர் முற்றத்தில் நின்ற எங்கள் வான் வண்டியின் மேலே குந்தியிருந்து அதன் கூரையை அறுத்துக்கொண்டிருந்தார்.

கையில் இரும்பறுக்கும் வாள். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, வெயிலுக்கு என்னுடைய நல்ல துவாயைத் தலையில் சுற்றியிருந்தார். வாள் போய் வரும் ஒவ்வொரு தரமும் எனக்குப் பல் கூசியது. கறள் பிடித்த இரும்புத் தூள் என் கனகாம்பரச் செடிகளின் மேலே கொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன செய்யிறியள்?"

"பாத்தாத் தெரியேல்லையே? கூரையை எடுக்கிறன்."

"ஏன்?"

"நிமிர்ந்து நிக்கிறதுக்கு," என்றார், ஏதோ நான்தான் விசர்க் கேள்வி கேட்டதுபோல.

சிவஞானம் என்கிற இந்த மனிதரைப் பற்றி இந்த இதழிலே முன்னைய வாரங்களில் அங்கங்கே முறைப்பாடு செய்திருக்கிறேன். துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். ஆறடிக்கு மேல் உயரம். ஒரு வேலையைத் தொடங்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். இந்த வாரம் எழுதப்போவது முழுக்க முழுக்க முறைப்பாடுதான் என்று நினைத்துத்தான் பேனையை எடுத்தேன்.

நிமிர்ந்து நின்ற வெள்ளைக்காரன்

எழுபதுகளின் கடைசிப் பக்கம் அது. எங்கள் திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்கேயோ கப்பலில் ஏற்றி இறக்கிய தன்னுடைய வானிலேயே குடியிருந்தான். சமைப்பதும் அதற்குள்ளே, படுப்பதும் அதற்குள்ளே. வானின் கூரையைத் தள்ளினால் ஒரு பக்கம் மேலே எழும்பி நிற்கும், பக்கங்களில் படங்குத் துணி விரியும்.

இவர் ஒருநாள் பின்னேரம் எங்கள் மகள் வசந்தியைக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பவளம், அவன் வானுக்குள்ள நிமிர்ந்து நிண்டு ஷேவ் எடுக்கிறான்!"

"அதுக்கென்ன இப்ப? நீங்களும் கிணத்தடியில நிமிர்ந்து நிண்டுதானே எடுக்கிறியள்?"

"உமக்கு விளங்காது," என்றார்.

இந்த 'உமக்கு விளங்காது' என்ற வசனத்தைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே எழுதலாம். மகளிர் பாடசாலையில் பத்து வருடங்களுக்கு மேலாகக் கணிதம் படிப்பித்தவள் நான். ஊரிலே பாதிப் பெண்களுக்குக் கணக்கு விளங்கவைத்தது நான். வீட்டுக்குள் வந்தால் எனக்கு ஒன்றும் விளங்காது.

இரண்டு மாதம் கழியவில்லை, எங்கிருந்தோ ஒரு பழைய வானைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பேக்கரியில் இருபது வருடம் பாண் சுமந்த வான் அது. பின்பக்கம் இருக்கை கிடையாது, பாண் தட்டு அடுக்கும் பெட்டி மாத்திரம். நாங்கள் குடியிருந்த ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அது முக்கி முனகி ஏறி வந்து எங்கள் முற்றத்தில் நின்றபோது, அக்கம்பக்கத்தார் பாண் வாங்கச் சில்லறையோடு வந்துவிட்டார்கள். மத்தியான வெயில் ஏறினால் அந்த வானுக்குள்ளே அப்போதும் பாண் வாசம் வரும்.

வசந்திக்கு அப்போது ஒன்பது வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. பாண் வாசத்துக்காகவே அந்த வானுக்குள் போய்ப் படுத்திருந்து கதைப்புத்தகம் வாசிப்பாள். லீவு விட்டால் கதிர்காமம் வரைக்கும் போவோம், வழியெல்லாம் வானுக்குள்ளேயே படுப்போம் என்று தகப்பன் அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்திருந்தார். ஒரே ஒரு குறை, உள்ளே உயரம் நாலரை அடி. இவர் நின்றால் கேள்விக்குறிபோல் நிற்க வேண்டும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை வாள்.

சப்பாத்துப் பெட்டிப் பாடம்

அந்த வானின் கூரைத் தகரத்துக்கு அடியில் ஐந்து இரும்பு வளைகள் குறுக்கே ஓடின. ஒரு பக்கச் சுவரின் மேல் விளிம்பில் தொடங்கி, வளைந்து, மற்றச் சுவரின் மேல் விளிம்பில் போய் முடியும். இரண்டு சுவரையும் விலகாமல் பிடித்து வைத்திருந்தது அந்த ஐந்தும்தான். இவர் நடு மூன்றையும் அறுத்துவிட்டார்.

கத்திப் பயனில்லை என்று, உள்ளே போய் ஒரு காட்போட் சப்பாத்துப் பெட்டி எடுத்துவந்தேன். மூடியைக் கழற்றி, பெட்டியை மேசையில் வைத்தேன். ஒரு கொப்பியை நடுவில் மெல்லக் கூரையாக வளைத்து இரண்டு சுவரின் மேலும் வைத்து, விரலால் அமர்த்திக் காட்டினேன். கொப்பி தாழ, பெட்டியின் இரண்டு சுவரும் வெளியே விரிந்தன. கொப்பி பொத்தென்று உள்ளே விழுந்தது.

"பாத்தியளோ? மேல பாரம் ஏறினா சுவர் ரெண்டும் வெளிய போகும். பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

"அது காட்போட். இது இரும்பு."

"இரும்பெண்டா கணக்கு மாறுமே?"

"உமக்கு விளங்காது," என்றார்.

கூரைகளைப் பற்றி நான் சும்மா கதைக்கவில்லை. அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊரைப் புயல் அடித்துப் போட்டபோது நான் புதிதாகப் படிப்பிக்க வந்தவள். மறுநாள் காலை, ஊரெல்லாம் அழுதுகொண்டிருக்க, நான் ஒரு கொப்பியோடு தெருத்தெருவாக நடந்து எந்த வீடு நிற்கிறது, எந்த வீடு விழுந்தது என்று எழுதினேன். அதைப் பார்த்தவர்கள் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். ஆனால் நான் கண்டது என்னவென்றால், சுவருக்குச் சுவர் குறுக்கே வளைமரம் போட்ட வீடுகள் அனேகமாக நின்றிருந்தன. அழகுக்கு உயரமாக இருக்கட்டும் என்று வளைமரத்தை விட்டுவிட்ட வீடுகளில் சுவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. அன்றைக்குத் தொடக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். பெண் பார்க்க வந்த அன்று இவர் வீட்டாரின் கதையைவிட்டு நான் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மாமியார் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவளுக்குப் போய் இப்படிப்பட்ட புருசன்!

"அந்த மூண்டு வளைக்கும் பதில் ஏதாவது போடும் மட்டும் என்ர பிள்ளை அந்த வானுக்குள்ள இருந்து எங்கயும் போகமாட்டாள்," என்றேன். அந்த வீட்டில் என் சொல் எடுபட்ட ஒரே இடம் அதுதான்.

அனீபா ஓடாவியின் தோணி

மூடி செய்ய ஆள் வேண்டும். கராஜ்காரர் இரண்டு பேர் வந்து, அறுத்த ஓட்டையைப் பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாகக் கிண்ணியாவிலிருந்து இவர் கூட்டிவந்தது அனீபா ஓடாவியை. ஓடாவி என்றால் எங்கள் பக்கத்தில் தச்சர். அனீபா முப்பது வருடமாகத் தோணி கட்டுகிறவர், தோணியைத் தவிர வேறெதுவும் கட்டாதவர்.

"ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க கிளாக்கர்," என்றார் அவர். "சின்னத் தோணி ஒண்ணக் கட்டி, புரட்டி மேல வெச்சாச் சரி."

அப்படியே செய்தார். மூன்று கிழமை எங்கள் முற்றத்தில் ஒரு தோணி வளர்ந்தது. விலா எலும்புபோல் மரச் சட்டங்கள், அதன்மேல் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். எல்லாம் முடிந்ததும் மேலே சுறா எண்ணெய் பூசினார். வெயில் பட்டதும் பாண் வாசமும் சுறா வாசமும் கலந்து ஒரு வாசம் எழும்பியது பாருங்கள், ஓர்ஸ் ஹில்லில் உள்ள பூனைகள் அத்தனையும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டன.

மூடியின் முன்பக்கத்தைப் பிணைச்சலில் பொருத்தினார்கள். நிறுத்தி வைத்தால் பின்பக்கம் தூக்கி முட்டுக்கொடுக்கலாம், ஓடும்போது மூடிவிடலாம். வேலைப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தட்டிப் பார்த்தால் கோயில் மணிமாதிரி நாதம்.

"அனீபா நானா, நல்லாத்தான் கட்டியிருக்கிறீங்கள்," என்றேன். "ஆனா ஒரு கேள்வி. தோணி தண்ணிக்குள்ள நிக்கேக்க தண்ணி எந்தப் பக்கத்தால அமத்தும்?"

"வெளியால இருந்து உள்ளுக்குத்தான் ரீச்சர்."

"அப்ப தோணிட பக்கம் ரெண்டும் விரியாம பிடிக்கிறது ஆர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தண்ணிதான்."

"இஞ்ச தண்ணி எங்க?"

அனீபா ஓடாவி வானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். "யா அல்லாஹ். ரீச்சர் சொல்றது சரி கிளாக்கர். இது வெளியதான் தள்ளும். குறுக்கால மூணு கம்பி இழுத்துக் கட்டணும்."

எனக்கு அழுகையே வரப்பார்த்தது. அந்த வான் வந்த நாள் தொடக்கம் எனக்கு விளங்குகிறது என்று ஒத்துக்கொண்ட முதல் ஆண் அவர்தான்.

இவர் உடனே குதித்தார். "மூண்டு கம்பியோ? ஒண்டு கழுத்தில, ஒண்டு நெஞ்சில, ஒண்டு முதுகில! பிறகென்னத்துக்கு நான் கூரையை வெட்டினனான்?"

அன்று மத்தியானம் முழுக்க மூன்று பேரும் முற்றத்தில் நின்று சண்டை பிடித்தோம். கடைசியில் இவர் ஒரு கம்பிக்கு இறங்கி வந்தார். இரண்டு நுனியிலும் கொளுக்கி. ஓடும்போது இரண்டு சுவரையும் சேர்த்துக் கொளுவிவிட வேண்டும், நிறுத்தினால் கழற்றிவிடலாம், அவர் நிமிர்ந்து நிற்கலாம். நான் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு கம்பி மூடியின் சொந்தப் பாரத்தைத் தாங்கும். மேலே வேறெதுவும் ஏறாமல் இருந்தால் சரி.

"மேல ஒரு சாமானும் ஏத்தப்படாது. ஒரு பாய்கூட," என்றேன்.

"ஓம், ஓம்," என்றார்.

வானுக்குத் தண்ணீர் வார்த்த கதை

தோணிப் பலகைக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் ஊறியிருக்கும் மட்டும் பலகைகள் உப்பி ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். மணலில் ஏற்றி வெயிலில் காயவிட்டால் இடைவெளி விடும். மீன்பிடிக்கிற ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வானின் கூரை வருடம் முழுக்க வெயிலில்தான் கிடக்கும் என்பது அனீபாவுக்கும் தோன்றவில்லை, இவருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு கிழமையில் கூரையில் நாலைந்து கோடுகள் வெளிச்சம் காட்டின. முதல் மழைக்கு உள்ளே குடை பிடிக்க வேண்டியிருந்தது. அரை மணித்தியாலம் நனைந்ததும் பலகை உப்பி ஒழுக்கு நின்றுவிட்டது. அதைக் கண்டதும் இவருக்கு யோசனை பிறந்தது.

அன்று தொடக்கம் ஒவ்வொரு பின்னேரமும் கந்தோரால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஏணி வைத்து ஏறி, வானின் மேலே நாலு வாளி தண்ணீர் ஊற்றுவார். மலையில் இருக்கிற வீடு. குழாயில் தண்ணீர் வருவதே ஒரு நேரம். நான் உடுப்புத் தோய்க்க வைத்திருக்கும் தண்ணீர் வானுக்குப் போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "என்ன சிவஞானம், எப்ப முளைக்கும்?"

இவரும் சிரிக்காமல், "இன்னும் ரெண்டு இலை விடட்டும்," என்பார்.

ஊறின மரம் காய்ந்த மரத்தைவிடப் பாரம். அதையும் சொன்னேன். என்ன பதில் வந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

கிளிவெட்டி அக்கா

இனி என் அக்காவைப் பற்றிக் கொஞ்சம். அக்கா கிளிவெட்டியில் வாழ்க்கைப்பட்டவர். அத்தானுக்கு வயல். ஒவ்வொரு அறுவடைக்கும் எங்களுக்கு நெல் வரும். எனக்குக் கலியாணமான புதிதில் ஒரு தரம், வைக்க இடமில்லை, திருகோணமலை ரவுணில் அரிசி வாங்கலாம் என்று அந்த நெல்லை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். நினைத்துப் பார்க்காமல் செய்த வேலை. அக்கா இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. வசந்தி பிறந்த பிறகுதான் வந்தார். வந்தபோதும் கதிரையின் நுனியிலேயே குந்தியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஒரு வாகனம் வெறுமையாகத் திரும்பினால் அது அந்த வீட்டுக்கு அவமானம். லொறி என்றாலும் சைக்கிள் என்றாலும் ஏற்றித்தான் அனுப்புவார்கள். வான் என்றால் ஏற்றுகிற இடம் கூரை. கூரை என்றால் மேலே ஏற்றுவதற்கு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

வானின் முதல் பயணம் கிளிவெட்டிக்கு. கதிர்காமத்துக்கு முன்னால் ஓர் ஒத்திகை. கம்பியை நானே கொளுவி, இழுத்துப் பார்த்து, ஏறினேன். வாகனங்களை ஆற்றைக் கடத்தும் மிதவையை நாங்கள் பாதை என்போம். கிண்ணியாப் பாதையிலும் கங்கைப் பாதையிலும் ஆட்கள் வந்து கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தோணியைக் கவிழ்த்து ஏற்றிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். இவருக்கு ஒரே புளகாங்கிதம். வசந்தி பின்னால் தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த கட்டிலில் படுத்தபடி பாடிக்கொண்டு வந்தாள். எனக்கும், சொல்லத்தான் வேண்டும், சந்தோசமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் நின்றோம். புறப்படுகிற அன்று மத்தியானம், கம்பியைக் கொளுவிவிட்டு வந்து நான் குசினி அடுப்படியில் அக்காவோடு நிற்க, வெளியே தொம்மென்று சத்தம். ஓடிவந்து பார்த்தேன். அத்தான் வானின் மேலே நிற்கிறார். அவருடைய ஆட்கள் கீழேயிருந்து நெல் மூட்டை ஏற்றுகிறார்கள். ஒன்று ஏறியாயிற்று. இரண்டாவது ஏறுகிறது. இன்னும் இரண்டு வேலியோரம் சாய்ந்திருந்தன.

"அத்தான், மேல வேண்டாம்," என்றேன். "உள்ளுக்கு வைப்பம்."

"உள்ளுக்குப் பிள்ளை படுக்கிற இடமெல்லே?" என்றார் அத்தான். "இது நல்ல முதிரை மரச் சட்டம். ஆனை ஏறினாலும் அசையாது."

எனக்குப் பின்னால் அக்கா வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு.

"ஏன் பவளம், எங்கட நெல்லு உங்கட ரவுண் வானுக்குப் பாரமோ?"

இவர் வானைச் சுற்றி என்னிடம் வந்தார். கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பவளம், நீர் சொல்லும். தாங்குமோ?"

கலியாணம் கட்டிப் பத்து வருடத்துக்கு மேல். அந்த மனிதர் ஒரு விசயத்தில் என்னிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தரம். எனக்குக் கணக்குத் தெரியும். இரண்டாவது மூட்டை ஏறும்போதே மனதுக்குள் போட்டுவிட்டேன். நாலு மூட்டை என்றால் நாலு வளர்ந்த ஆண்கள் மேலே குந்தியிருப்பது மாதிரி. ஒரு கம்பி அதற்குக் காணாது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எல்லார்மேலும் எரிச்சல். ஆறு மாதம் தொண்டை வறளக் கத்தியபோது கேட்காத மனுசன், நான் வாய் திறக்க முடியாத இடத்தில் வந்து நின்று கேட்கிறாரே என்று எரிச்சல். இன்னும் இரண்டு வருடம் அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பாரே என்று பயம்.

"தாங்கும்," என்றேன்.

"அப்ப சரி," என்றார். அவருடைய முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். நாலாவது மூட்டையை ஏற்ற அவரும் ஒரு கை கொடுத்தார்.

மூதூர் வீதி

வசந்தியை முன்னால் என் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஏறும் நேரத்தில் அக்கா ஒரு மண் முட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டார். வசந்தி வழமைபோல் பின்னால் போய்க் கட்டிலில் ஏறினாள். கொஞ்ச நேரப் பயணம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பாதி வழியில் காலம் தப்பின மழை பிடித்தது. கூரைப் பலகை குடித்தது, சாக்குகளும் குடித்தன. முதலில் ஒரு மெல்லிய கிறீச். பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கிறீச். திரும்பிப் பார்த்தேன். கம்பி வீணைத் தந்தி மாதிரி இழுபட்டு நின்றது.

"மெதுவாப் போங்கோ."

"மெதுவாத்தானே போறன்."

"நிப்பாட்டுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். மழைக்குள் நிறுத்தி, மூட்டையை இறக்கி, ஏன் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். தாங்கும் என்று நான்தானே சொன்னேன். நான் சொல்லவில்லை. தயிர் முட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மூதூருக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது ஒரு மதகு வந்தது. முன் சில்லு ஏறி இறங்கியது. பின் சில்லு ஏறி இறங்கியபோது பின்னால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கொளுக்கி நிமிர்ந்துவிட்டது. அடுத்த நொடி இரண்டு பக்கச் சுவரும் வெளியே போக, கூரை உள்ளே வந்தது.

வசந்தி கத்தவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க ஏலாது.

இவர் வானை நிறுத்தினாரா, அது தானாக நின்றதா தெரியாது. நான் இறங்கிப் பின்னால் ஓடியபோது அவர் ஏற்கெனவே உள்ளே. இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கி வெளியே எறிந்தார். சாக்குக் கிழிந்து நெல் என் காலடியெல்லாம் கொட்டியது. கட்டில் பலகை முறிந்து, வசந்தி அதனோடு கீழே போயிருந்தாள். மூடியின் விளிம்பு கட்டிலின் காலில் தட்டி நின்றதால் பிள்ளையின் தலைக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் இடம் இருந்தது. இடது கை மட்டும் அடியில்.

"அப்பா, கை வருதில்லை," என்றாள், மிக அமைதியாக.

ஒரு உழவு இயந்திரத்தில் மூதூருக்குப் போனோம். அங்கிருந்து லோஞ்சில் கொட்டியார் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு. ஒன்றரை மணித்தியாலம் அவர் பிள்ளையை நெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார். படகு ஆடும்போதெல்லாம் அவரும் சேர்ந்து ஆடி, அந்தக் கை அசையாமல் பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி விறாந்தை

முழங்கை மூட்டு நொறுங்கியிருந்தது. இவ்வளவோடு போனது பெரிய அதிர்ஷ்டம் என்றார் டாக்குத்தர். கைக்கு மட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அடுத்த லோஞ்சில் அக்காவும் அத்தானும் வந்து சேர்ந்தார்கள். விறாந்தையில் வைத்தே அக்கா தொடங்கினார்.

"பிள்ளையைக் கொல்லப் பாத்தியளே தம்பி! ஆராவது ஒழுங்கான வானை வெட்டுவினமே?"

அத்தானும் சேர்ந்துகொண்டார். அப்போது நானும் சேர்ந்துகொண்டேன். அதுதான் நான் இத்தனை பக்கம் சுற்றி வந்து சொல்ல நினைத்தது. மத்தியானம் தொடக்கம் நெஞ்சுக்குள் கிடந்தது எல்லாம் வாயால் வந்தது. சப்பாத்துப் பெட்டி, மூன்று கம்பி, ஊறின மரம், எல்லாவற்றையும் அத்தனை பேருக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கொட்டினேன்.

"எத்தினை தரம் சொன்னனான்!" என்று கத்தினேன். "எத்தினை தரம் சொன்னனான் உங்களுக்கு!"

அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். சேட்டு முழுக்க ஈரம், தோளெல்லாம் நெல் ஒட்டியிருந்தது. கையில் வசந்தியின் இரண்டு செருப்பும். என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நினைவிருக்கிறது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அவர் வாயைத் திறந்தபோது, இப்போது சொல்லப்போகிறார், அக்காவுக்கு முன்னால் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஓம்," என்றார். "சொன்னனீர்."

அவ்வளவுதான்.

அடுத்த மாதம் வானை இழுப்பித்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே கழற்றிப் போட்டார். தோணி மூடியை அனீபா ஓடாவி வந்து வாங்கிப் போய், புரட்டிப் போட்டு, களப்பில் இறால் பிடிக்கிற ஒருவருக்குக் கொடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லையாம்.

அதற்குப் பிறகு பல வருடம் இந்தக் கதையை ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். உறவினர் வீட்டுக் கலியாணங்களில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். கூரையை வெட்டின மனுசன், வானுக்குத் தண்ணீர் வார்த்த மனுசன். அவரும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். நாலு மூட்டை நெல் வரும் இடம் வந்ததும் எழுந்து, வெற்றிலை எடுக்கவோ தண்ணீர் குடிக்கவோ போய்விடுவார். அவர் கண்ணை மூடி ஆறு வருடமாகிறது. கடைசி வரைக்கும் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, எனக்கும் நினைவூட்டவில்லை.

வசந்தியின் இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. தன் பிள்ளைகள் கேட்டால், "தாத்தாட கூரை விழுந்தது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். இந்த வார இதழும் அவள் வீட்டுக்குப் போகும்.

வசந்தி, அண்டைக்கு அப்பா என்னைக் கேட்டவர். தாங்கும் எண்டு சொன்னது நான்.